343 பாகை

வெள்ளி காலை. மூன்று அலுமினியக் குழாய்களைச் சிலாப்பில் கிடத்தியாயிற்று. நீளமானது 5.3 மீற்றர், நடுவில் வருவது 5, குட்டை 4.7. அளவு நாடாவை இரண்டு தரம் பிடித்துப் பார்த்தேன். 28 மெகாஹேர்ட்ஸ் அலையின் பாதி நீளம் ஏறக்குறைய 5.35 மீற்றர். மற்ற அளவெல்லாம் அதிலிருந்து வெட்டியும் கூட்டியும் வந்தவைதான்.

திருகோணமலையில் எங்கள் பகுதியை உவர்மலை என்றால்தான் ஊருக்குள் விளங்கும். கடித உறையில் மட்டும் ஓர்ஸ் ஹில். எங்கள் சிலாப்பில் நின்றால் ஒரு பக்கம் உட்துறைமுகம், தண்ணீருக்கு அப்பால் சீனன்குடா. மறுபக்கம் கூரைகளுக்கு மேலாகக் கோணேசர் மலை.

பக்கத்து வீட்டு ஐயா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, ரீவி அன்ரனாவோ?"

"இல்லை ஐயா, ஹாம் றேடியோ. இதுக்குப் பேர் யாகி."

"யோகியோ?"

நான் திருத்தவில்லை.

*

மூன்று தடிகளில் வயர் போவது நடுத் தடிக்கு மட்டும். பின்னால் நிற்கும் நீளத் தடிக்கும் முன்னால் நிற்கும் குட்டைக்கும் எதுவும் போகாது. நடுத் தடி அதிரும்போது அந்த அலை பட்டு இவை இரண்டிலும் தாமாக மின்னோட்டம் எழும். எழுந்ததை இவை திரும்ப வெளியே விடும். நீளத்தில் உள்ள சின்ன வித்தியாசத்தால் ஒன்று சற்றுப் பிந்தும், ஒன்று சற்று முந்தும். அந்தப் பிந்தலும் முந்தலும் சேர்ந்து பின்பக்கத்து அலையைக் கரைத்து முன்பக்கத்து அலையைத் தடிப்பாக்குகின்றன. முன்னால் மூன்று நான்கு மடங்கு பலம். பின்னால், நன்றாகச் செய்தால், அதில் நூறில் ஒரு பங்கு.

சும்மா இருப்பதைப் பற்றி நம் பெரியவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். இந்த இரண்டு தடிகளும் சும்மாதான் இருக்கின்றன. ஆனால் ஒரு சாண் நீளம் பிசகினாலும் திசை கெட்டுப்போகும். ஐயா சொன்ன பெயர் அவ்வளவு பிழையில்லை.

*

யாகி ஒரு ஜப்பானியப் பேராசிரியர். செண்டாய் நகரில் அவருடன் வேலை செய்த உடாதான் தடிகளை வைத்துச் சோதனைகள் செய்தவர். 1926இல் ஜப்பானிய மொழியில் எழுதினார்கள். 1928இல் யாகி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை உலகம் சுற்றியது. உடாவின் பெயர் வழியில் உதிர்ந்துவிட்டது. இது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும் விஷயம். அதனால் வீட்டில் நான் உடா என்றே சொல்லிப் பார்த்தேன். மனைவி சிரித்தாள், "உடாதேங்கோ" என்று.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது, பிடிபட்ட பிரிட்டிஷ் ராடார்க்காரர் ஒருவருடைய குறிப்புக் கொப்பியில் யாகி என்ற சொல் திரும்பத் திரும்ப வந்ததாம். ஜப்பானியப் பொறியாளர்களுக்கு விளங்கவில்லை. கைதியிடம் கேட்டார்கள். அது உங்கள் ஊர்ப் பேராசிரியரின் பெயர் என்று பதில் வந்தது. சிங்கப்பூர் விழுந்து இரண்டு மாதத்துக்குள், ஏப்ரல் 9ஆம் திகதி காலை, அதே நாட்டு விமானங்கள் இந்தத் துறைமுகத்தின் மேல் வந்து குண்டு போட்டன. அன்றைக்கு இந்தச் சிலாப்பும் இல்லை, இந்த வீடும் இல்லை.

*

சனி. ஜி.ஐ. பைப்பை நிமிர்த்த மூன்று பேர் வேண்டியிருந்தது. மருமகன், ஒட்டு வேலை செய்யும் தம்பி ஒருவர், நான். மூன்று பக்கமும் நைலோன் கயிறு இழுத்துக் கட்டினோம். இந்த ஊரில் அன்ரனாவுக்கு எமன் காற்றல்ல, உப்பு. அலுமினியத்தோடு சாதாரண இரும்பு ஆணி சேர்ந்தால் உப்பு ஈரத்தில் ஒன்றை ஒன்று தின்னும். எவர்சில்வர் ஆணி விலைதான், ஆனாலும் அதுதான் போட்டேன். வயர் இணைப்பில் ரப்பர் ரேப்பைச் சுற்றும்போது கீழிருந்து மேலே சுற்ற வேண்டும், ஓலை வேய்கிற மாதிரி. மேலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு விளிம்பும் மழைக்கு வாய் திறந்து நிற்கும்.

கச்சான் அடிக்கத் தொடங்கியது. கடல் வேலைக்காரரிடம் காற்றுக்குத் தனித்தனிப் பெயர் இருக்கிறது. வாடை, கொண்டல், சோளகம், கச்சான். பெயரைச் சொன்னால் அது வரும் பக்கமும் சேர்ந்து வந்துவிடும். மனிதர்களுக்கு நாங்கள் அப்படி ஒரு சொல் வைக்கவில்லை. 1990இல் என் தம்பி போனதை "வெளியால போயிட்டான்" என்றுதான் அம்மா கடைசி வரை சொன்னா. வெளி எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கனடா மேற்கே என்று பள்ளிக்கூட வரைபடம் சொல்லியிருந்தது. அது போதுமென்று விட்டுவிட்டோம்.

*

திசைகாட்டியைக் கம்பத்தருகில் பிடித்தேன். முள் இரும்பைப் பார்த்துக் கும்பிட்டது. பத்தடி தள்ளிப் போய்ப் பிடித்தால் ஒழுங்காக நிற்கிறது. இங்கே முள்ளுக்கும் உண்மையான வடக்குக்கும் இரண்டு பாகை அளவுதான் வித்தியாசம். இந்த வேலைக்கு அது பொருட்டல்ல. இருந்தாலும் இரவு துருவ நட்சத்திரத்தைத் தேடினேன். நம் ஊரின் அகலக்கோடு எட்டரைப் பாகை, ஆகவே அதுவும் அடிவானத்திலிருந்து எட்டரைப் பாகை உயரத்தில்தான் நிற்கும். தென்னோலை விலகிய ஒரு கணம் தெரிந்தது. மங்கல். கம்பத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

பிறகு பேத்தியின் பூகோள உருண்டையை எடுத்து ஒரு நூலைப் பிடித்தேன். ஒரு நுனி திருகோணமலை, மறு நுனி தம்பி இருக்கும் ரொறன்ரோ. நூலை இறுக்க இறுக்க அது மேற்கை விட்டு நழுவியது. இந்தியா, பாகிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா என்று ஏறி, வட துருவப் பிரதேசத்தால் போய், மறுபுறம் இறங்கி நின்றது. கணக்குப் போட்டேன்: 343 பாகை. வடக்கு, கொஞ்சம் மேற்கே சாய்ந்து. ஏறக்குறைய 13,900 கிலோமீற்றர். முப்பது வருடத்துக்கு மேலாக அவனை நினைத்துச் சீனன்குடாப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

லண்டன் 321. ஒஸ்லோ 330. சென்னை 348. எங்கள் ஆட்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் பாதி இந்த அன்ரனாவின் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடுகின்றன. மெல்பேர்ன் மட்டும் 133, கிட்டத்தட்ட முதுகுக்குப் பின்னால். அங்கே உள்ளவர்களைக் கேட்க லண்டனுக்கு முதுகு காட்ட வேண்டும்.

சென்னை நேர் முன்னால், ஐந்நூற்றுப் பத்துக் கிலோமீற்றரில் இருக்கிறது. ஆனால் அது கேட்காது. இந்த அலை சாய்வாக மேலேறி, பூமிக்கு முந்நூறு கிலோமீற்றர் அளவு உயரத்தில் மின்னேறிய காற்றில் வளைந்து, இரண்டாயிரம் கிலோமீற்றரளவு தள்ளித்தான் முதல் தடவை கீழே இறங்கும். சென்னைக்கு மேலால் போகும், சென்னை அறியாது.

*

ஞாயிறு, திங்கள் இரண்டு பின்னேரமும் ஐரோப்பா செத்துக் கிடந்தது. சூரியன் 2024இல் உச்சத்துக்கு வந்துவிட்டது, 28 மெகாஹேர்ட்ஸ் இரைய வேண்டிய காலம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கோ அவுஸ்திரேலியக் குரல்கள் மட்டும் பக்கத்து அறையில் பேசுவதுபோல். மீற்றரில் பிழையில்லை, வயரில் பிழையில்லை. சூரியனைக் குறை சொன்னேன். உபகரணத்தை விற்றவரைக்கூட ஒரு நிமிடம் சந்தேகப்பட்டேன்.

செவ்வாய் காலை நீளத் தடியில் ஒரு காகம் வந்து குந்தியது. அது குந்தியிருந்தது தெற்குப் பக்கம் அல்ல, வடக்குப் பக்கம். நீளத் தடி பின்னால் அல்லவா நிற்க வேண்டும்! உச்சியில் ஏற்றும்போது கச்சானுக்குப் பயந்து அவசரப்பட்டதில் முன்பக்கத்தைப் பின்பக்கமாகப் பூட்டியிருக்கிறேன். கீழிருந்து பார்த்தால் ஒவ்வொரு முனையிலும் ஓரடிதான் வித்தியாசம். கண் நம்ப விரும்பியதை நம்பிவிட்டது. கயிற்றைத் தளர்த்தி அரைச்சுற்றுச் சுற்றினேன்.

அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு ஜேர்மனி, போலந்து, இங்கிலாந்து என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. ஒரு முதிய ஆங்கிலேயர் என் 4எஸ்7 முன்னெழுத்தைக் கேட்டுவிட்டு ஊர்ப் பெயர் கேட்டார். திரிங்கோமலி என்றேன். நிலாவெளிப் பக்கம் 1984இல் ஜேர்மன் வானொலி கட்டிய அஞ்சல் நிலையத்தை அந்தக் காலத்தில் கேட்டவராம். அங்கே நின்றவை 250 கிலோவாட் சிற்றலைப் பரப்பிகள். நான் 100 வாட். ஆனாலும் விளங்குகிறது என்றார். ரொறன்ரோப் பக்கம் அன்றைக்கு எதுவும் வரவில்லை. துருவத்துக்கு அருகால் போகும் அலையை அந்தப் பக்கத்து வானம் பெரும்பாலும் விழுங்கிவிடும்.

*

அடுத்த ஞாயிறு. தம்பி வழமைபோல் வட்ஸ்அப்பில் வந்தான். முகம் தெளிவு, குரல் தெளிவு. ஆனால் எங்கிருந்து வருகிறான் என்று கைபேசிக்குத் தெரியவும் வேண்டாம், எனக்குத் தெரியவும் வேண்டாம். அதைச் சட்டைப்பைக்குள் வைத்தும் பேசலாம்.

"ஏன் அண்ணா இந்தக் காசு? நான்தான் கிழமைக்குக் கிழமை கதைக்கிறனே" என்றான்.

பதில் சொல்லாமல், உங்கள் வீட்டில் எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று கேட்டேன். கிழக்கு, வேறென்ன என்றான். இல்லையடா, கணக்குப் பார்த்துவிட்டேன், 24 பாகை, வடக்கே பார்த்து நின்று கொஞ்சம் வலப்பக்கம் திரும்பு என்றேன். கைபேசியோடு எழும்பி நடந்தான். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பக்கம் கராஜ் இருக்கிறதாம்.