தாங்குதல்

லோயர் கேம்ப்பில் மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்க்காதவர் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்க முடியாது. 1895இல் கட்டி முடிந்த பெரியாறு அணையின் நீர் 1958 முதல் அவற்றின் வழியே விழுந்து மின்சாரமாகிறது. கீழே வரவர நீரின் அழுத்தம் கூடும். எந்த இடத்தில் இரும்பு எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட்டே குழாய் போடுகிறார்கள். குழாய் வெடித்தால் அதற்கு மன உறுதி போதவில்லை என்று எந்த எஞ்சினீயரும் எழுதமாட்டார். மனிதன் விஷயத்தில் மட்டும் இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். அவனுக்குச் 'சமாளிக்கத் தெரியவில்லை'.

சமாளிப்பு ஒரு குணமா, செலவா என்பது என் கேள்வி.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே ஜான் ஹென்றி என்று ஒரு கதை உண்டு. ரயில்பாதைக்கு மலையைக் குடைந்த கூலி அவன். நீராவி யந்திரத்தோடு போட்டியிட்டு, ஜெயித்து, சம்மட்டியும் கையுமாகச் செத்தான். எது வந்தாலும் உழைத்தே மீறிவிடும் மனப்போக்குக்கு ஷெர்மன் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர் 1983இல் அவன் பெயரையே வைத்தார். அவர் ஆராய்ந்த கறுப்பின ஆண்களில், படிப்புக் குறைந்து இந்த மனப்போக்கு மிகுந்தவர்களுக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. நாம் மெச்சும் குணத்துக்கு உடம்பு விலை கொடுக்கிறது.

டென்ஷன் பெரிய அதிகாரியின் வியாதி என்ற நம்பிக்கையும் நிற்கவில்லை. 1967இல் லண்டனில் அரசு ஊழியர்களிடையே தொடங்கிய ஆய்வில், கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம் உயரதிகாரிகளுடையதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். புகைபிடித்தல் முதலியவற்றைக் கழித்தும் வித்தியாசத்தின் பெரும்பகுதி எஞ்சியது. 1985இல் தொடங்கிய அடுத்த ஆய்வு, தன் வேலையைப்பற்றித் தனக்கே பேச்சில்லாத நிலையையும் ஒரு காரணமாகக் காட்டியது. பாங்க் குமாஸ்தாவான எனக்கு இது விளங்குகிறது. வரிசையின் நீளம் என் கையில் இல்லை. முகத்தைச் சுளிக்காமல் வைத்துக்கொள்வது மட்டுமே என் பொறுப்பு.

விடியுமுன் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்துக் குமுளி மலை ஏறுகிறார்கள். அவர்களுடைய தாங்குதலை நான் குறைத்துப் பேசவில்லை. வீட்டில் அடுப்பெரிவது அதனால்தான். 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று அவர்கள் தமக்குள் சொல்லிக்கொண்டால் அது தைரியம். கூலியையும் வேலை நேரத்தையும் நிர்ணயிப்பவன் அதையே அவர்களிடம் சொன்னால் அது கணக்கை மறைப்பது. தாங்குகிறவர் தம் தாங்குதலைப்பற்றிப் பெருமைப்படலாம். சுமையை ஏற்றியவருக்கு அதைப் புகழும் உரிமை கிடையாது.