கடனும் கடப்பாடும்

தமிழிலே ‘கடன்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமும் கடன். செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். பிதிர்க்கடன், நேர்த்திக்கடன் என்று அன்றாடம் வழங்கும் சொற்களில் இரண்டாவது பொருளும் சேர்ந்தே நிற்கின்றது. ஆனால் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தோட்டப்புற இளைஞர் ஒருவரோ, லயத்தில் வாழும் தாய் ஒருவரோ சிறு தொழிலொன்றைத் தொடங்க முனையும்போது, கடன் என்பது முதற்பொருளில் மட்டுமே பேசப்படுகின்றது. அதுவும் வாங்குபவரின் கடனாக மட்டுமே பேசப்படுகின்றது. கொடுப்பவருக்கும் ஏதேனும் கடன் உண்டா? தொழில் நட்டப்பட்டால் அந்த நட்டம் யாரைச் சாரவேண்டும்? பொருளியலுக்கு உரியது போலத் தோன்றினாலும் இது அறம் பற்றிய கேள்வியே ஆகும்.

கோயில்களின் பழைய வரலாற்றிலே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சோழர் காலத்தில் சந்நிதியில் ஒரு நந்தாவிளக்கு எரிப்பதற்கு 96 ஆடுகளைத் தானமாக வழங்குவது வழக்கம். அந்த ஆடுகள் இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளந்துவிட்டால், எஞ்சிய பயன் இடையனுக்கே உரியது. முதல் இல்லாத ஒருவனுக்கு முதல் கொடுத்து, அவனும் வாழ, விளக்கும் எரிய வகைசெய்த அருமையான ஏற்பாடு இது. இருந்தும் கல்வெட்டுகள் அந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கின்றன. சாகாத, கிழடாகாத ஆடுகளாம்! ஆடு சாகாமலா இருக்கும்? நோயிலே சாகும், காட்டுவிலங்கு அடித்துச் சாகும். செத்தாலும் கணக்கிலே 96 குறையாது. பிறக்கும் குட்டிகளைக் கொண்டு இடையனே அதனை நிரப்ப வேண்டும். நல்ல ஆண்டிலே அது சுலபம். நோய் பரவிய ஆண்டிலும் நெய்யின் அளவு மாறாது என்பதுதான் அந்த இரண்டு சொற்களின் பொருள். கோயிலின் முதலுக்குச் சாவில்லை. இடையனின் முதலுக்கு அந்த வரம் இல்லை.

மலையக மக்களின் வாழ்வு இந்நாட்டிலே தொடங்கியதே ஒரு கடன் கணக்கோடுதான். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த கங்காணி, வழிச்செலவையும் முற்பணத்தையும் அவர்கள் பெயரில் எழுதிக்கொண்டார். தோட்டம் மாற விரும்பினால் அந்தக் கடனைப் புதிய தோட்டம் தீர்க்க வேண்டும். அதற்காக எழுதப்பட்ட சீட்டே ‘துண்டு’ எனப்பட்டது. மனிதனின் விலை அந்தக் காகிதத்தில் இருந்தது. வழியிலே நோயுற்று இறந்தவரின் கடன்கூட உறவினர் கணக்கில் ஏறிய காலம் அது. 1921ஆம் ஆண்டின் சட்டத்தினால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஆயினும், கடன் வாங்கியவன் நகரக்கூடாது என்ற எண்ணம் அதனுடன் ஒழிந்துவிடவில்லை.

அதன் பின்னரும் கைகொடுப்பார் இல்லாத நிலையே நீடித்தது. 1948இல் குடியுரிமை பறிபோனது. எஞ்சியிருந்தோருக்கு அது முழுமையாகக் கிடைக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. பிரதேச சபைகளின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. 2018இலேதான் அது திருத்தப்பட்டது. 2015க்குப் பின்னர் 7 பேர்ச் காணியுடன் தனிவீடுகள் கட்டப்பட்டன. எனினும் லயத்து அறையில் வாழ்பவருக்குக் காணி உறுதி ஏது? வங்கியின் படிவத்திலே உறுதி கேட்கும் கட்டமும் உண்டு, அரச உத்தியோகத்தர் இருவரின் பிணை கேட்கும் கட்டமும் உண்டு. நான்கு தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கு இரண்டையும் வெறுமையாக விட்டுத் திரும்பி வருவதே பழக்கம்.

இந்த வெற்றிடத்திலேதான் நுண்கடன் வந்து நின்றது. அது உறுதி கேட்கவில்லை. அயல்வீட்டுப் பெண்களையே பிணை கேட்டது. ஐந்தாறு பெண்கள் ஒரு குழு, கிழமைக்கொரு தவணை, ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். பெறும் தொகையிலும் ஆவணச் செலவு, காப்புறுதி என்று முதலிலேயே கழிவு விழுவதுண்டு. பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் சம்பந்தர் பெற்ற படிக்காசுக்குக் கடைவீதியில் வட்டம் பிடித்தார்கள் என்று பெரியபுராணம் கூறும். இறைவன் கொடுத்த காசுக்கே அந்தக் கதியென்றால் மற்றக் காசைப் பற்றிச் சொல்வானேன்!

வட்டியை விடப் பெரிய தீங்கு வேறொன்று. கறவைப்பசு ஒன்று மடிநோயில் விழுகின்றது என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த நிறுவனத்துக்கு அதனால் ஒரு சதமும் குறைவதில்லை. அடுத்த கிழமை தவணைக்கு முதலில் வந்து கதவைத் தட்டுபவள், பிரசவத்துக்குத் துணை நின்ற அதே அயல்வீட்டுக்காரி. அவளும் பாவம், தன் கொழுந்துச் சம்பளத்திலிருந்து மற்றவளின் தவணையைக் கட்ட வேண்டியவள். பசு செத்த வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகவேண்டியவர் பணம் கேட்கப் போகின்றார். ஒரு லயத்தின் இரு காம்பராக்களுக்கு இடையிலுள்ள சுவர் எவ்வளவு மெல்லியது என்பதை அறிந்தவர்களுக்கே இதன் வேதனை விளங்கும். உறவையே பிணையாக எடுக்கும் கடன், தவணை தவறும்போது உறவையே ஏலத்தில் விடுகின்றது.

முயற்சியில் குறை இல்லாமலும் நட்டம் வரும். 2020இன் ஊரடங்கில் நகரத்துச் சிறுகடைகள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது மரக்கறிப் பாத்திகள் வெளிறின. 2022இல் எரிவாயு இல்லாமல் அப்பக்கடை அடுப்புகள் அணைந்தன. 2025 நவம்பரில் ‘டித்வா’ சூறாவளியின்போது மலைச்சரிவுகளே பெயர்ந்து வீழ்ந்தன. இவற்றில் எதனைக் கடன் வாங்கியவரின் சோம்பலில் எழுதுவது?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயமும் அற்பமானதல்ல. நட்டத்தை மன்னித்தால் பொறுப்பு அழியும். தாலியை அடகு வைத்தேனும் தவணை கட்டியவர் ஏமாளியாவார் என்பர். உண்மைதான். 2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தது. வட்டிக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்ற மேல்வரம்பும் வந்தது. (தஞ்சைப் பெரிய கோயிலின் பணம் ஊர்ச்சபைகளுக்குப் பன்னிரண்டரை சதவீதத்துக்குக் கொடுக்கப்பட்டது என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.) அந்த 12 மாவட்டங்களும் வடக்கு, கிழக்கு, வடமத்தி, வடமேல் மாகாணங்களைச் சேர்ந்தவை, மலையகம் அதில் இல்லை. எவர் ஏமாற்றினார், எவர் இடிந்துபோனார் என்று பார்க்காமல் மாவட்டத்தின் பெயரைப் பார்த்துத் தீர்க்கும்போது அப்படித்தான் நிகழும்.

யார் உண்மையில் விழுந்தார் என்பது கொழும்பிலுள்ள காரியாலயத்துக்குத் தெரியாது. லயத்துக்குத் தெரியும். பசு நோயில் செத்ததா, இரவோடிரவாக விற்கப்பட்டதா என்பதை அயல்வீடு அறியும். அந்த அறிவைத்தான் குழுப்பிணை முறை பணம் பிடுங்குவதற்குப் பயன்படுத்துகின்றது. அதே அறிவை நட்டத்தை நேர்மையாக மதிப்பிடுவதற்கும் பயன்படுத்தலாம் அல்லவா?

பங்களாதேசத்தில் பேராசிரியர் முகம்மது யூனுஸ் 1976இல் ஜொப்ரா கிராமத்தில் 42 பேருக்குத் தம் கையிலிருந்து 27 டொலர் கொடுத்தார். இயலும்போது திருப்பித் தருமாறே சொன்னார். அந்த முதற் செயலில் கொடுத்தவரும் நட்டத்துக்குத் துணிந்திருந்தார். பின்வந்த பலர் அவருடைய குழு முறையைப் பிடித்துக்கொண்டு, அந்தத் துணிவை விட்டுவிட்டனர். இலங்கையிலும் 1906இலேயே கண்டி மாவட்டத்துத் தெல்தெனியவில் சிக்கன கடனுதவிச் சங்கம் தோன்றியது. 1978க்குப் பின்னர் அந்த இயக்கம் ‘சணச’ என்ற பெயரில் புத்துயிர் பெற்றது. சங்கத்தில் இலாபமும் நட்டமும் அங்கத்தவர்க்கே. தோட்டத்துப் பெண்கள் பிடிக்கும் சீட்டிலும் இந்த வழக்கம் ஓரளவு உண்டு: ஒரு வீட்டில் துன்பம் என்றால் தன் முறையை விட்டுக்கொடுப்பவர் இருப்பார். சீட்டுத் தொகை சிறியது என்பது மட்டுமே அதன் குறை.

பயிற்சி கொடுத்தாயிற்று, தையல் இயந்திரம் கொடுத்தாயிற்று என்று கைகழுவும் உதவியையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஒரே பிரிவில் பத்து இயந்திரங்களை வழங்கிப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனவர், அந்தப் பத்துப் பேரும் யாருக்குத் தைப்பார்கள் என்று கேட்டிருந்தால் ஏழை ஒருத்தியின் ஓராண்டு வீணாகியிருக்காது.

தோட்டக் கோயில்களுக்கும் இதில் இடமுண்டு. கோயில் வங்கியாக வேண்டியதில்லை, ஆகவும் கூடாது. பூசைக்கென்று வந்த பணம் பூசைக்கே. ஆனால் சபையார் தனியாக, நட்டத்தைத் தாங்குவதற்கென்றே ஒரு சிறு நிதி வைக்கலாம். தொழில் தொடங்கியவரின் பசு செத்ததென்று கால்நடை வைத்தியர் உறுதிசெய்து, அயலாரும் ஒப்புக்கொண்டால், எஞ்சிய தவணையில் பாதியை அந்நிதி ஏற்கும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் ஒன்றாகச் சேர்க்காமல் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களாக வைத்தார். இது ஈகை அன்று, ஒப்புரவு.

இதனை யார் தீர்மானிப்பது என்பதில்தான் சச்சரவு வரும். பெரும்பாலான சபைகளில் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் ஆண்கள். செக்ரோலில் கோயில் சந்தா கழிக்கப்படுவோரில் கொழுந்து பறிக்கும் பெண்களே அதிகம். நுண்கடன் தவணைப் புத்தகமும் அவர்கள் பெயரிலேதான் இருக்கின்றது. அந்த நிதிக்கான கூட்டத்தை மாலை பூசைக்குப் பின் அவசரமாக வைக்காமல், விறகும் தண்ணீரும் கொண்டுவந்து முடித்த ஞாயிறு பிற்பகலில் வைத்தால் அவர்களும் வந்து அமரலாம்.