அடிபட்ட பழம்

'கெட்டுப்போனது' என்ற சொல்லை நாம் மிகவும் தாராளமாக உபயோகிக்கிறோம். கீழே விழுந்து கன்றிப்போன பழத்தையும் கெட்டுப்போனது என்கிறோம். உள்ளே பூசணம் பிடித்து ஊறிப்போன பழத்தையும் கெட்டுப்போனது என்கிறோம். மனிதர்கள் விஷயத்திலும் இப்படித்தான். துன்பம் தாங்காமல் தடுமாறியவனும் நமக்குக் கெட்டுப்போனவன். பிறர் துன்பத்தை வைத்தே பிழைப்பு நடத்துகிறவனும் கெட்டுப்போனவன். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டால் நமக்கு வேலை மிச்சம். ஆனால் நியாயம் மிச்சமாகிறதா என்று யோசிக்க வேண்டும்.

இந்த யோசனைக்கு எனக்கு உதவியாக வந்தது ஒரு சமையல் குறிப்பு என்றால் நீங்கள் சிரிக்கக் கூடும். அமெரிக்காவில் ஆப்பிள் விளையும் நியூ இங்கிலாந்து, பென்ஸில்வேனியா போன்ற இடங்களில் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் வந்தால் பல வீடுகளில் ஆப்பிள் ஸாஸ் செய்வார்கள். ஸாஸ் என்றதும் புட்டியிலிருந்து சொட்டும் தக்காளி ஸாஸை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது நம் வீட்டுக் கீரை மசியலைப் போல, ஆப்பிளை வேகவைத்து மசித்த மசியல். ஜெர்மானியர்கள் இதை உருளைக்கிழங்கு அடையோடு சாப்பிடுகிறார்கள். இங்கிலாந்தில் பன்றி இறைச்சிக்குத் துணையாக வைக்கிறார்கள். பல் முளைக்காத குழந்தைக்கும் பல் விழுந்த கிழவருக்கும் அங்கே ஊட்டப்படும் உணவுகளில் இதுவும் ஒன்று.

செய்முறை மிக எளிது. மூன்று ராத்தல் பழம், அதாவது சுமார் 1,350 கிராம் எடுத்தால், ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான மசியல் கிடைக்கும். தோலைச் சீவி, விதைப் பகுதியை நீக்கி, துண்டு போட்டு, அடி பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடி போட்டு, சிறு தீயில் 20 நிமிஷம் வைத்தால் போதும். பிறகு மசித்து, ருசி பார்த்து, தேவையானால் மட்டும் சர்க்கரையும் சிறிது எலுமிச்சம் சாறும் பட்டைப் பொடியும் சேர்ப்பார்கள்.

இன்னொரு பண்டமும் உண்டு. ஆப்பிளை வில்லை வில்லையாக நறுக்கி, வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் பட்டைப் பொடியும் சேர்த்து வதக்கி, அந்தப் பாகோடு பான்கேக்கின் மேலோ ஐஸ்கிரீமின் மேலோ ஊற்றிக்கொள்வது. இதற்கு வெந்தாலும் உருவம் குலையாத பழம் வேண்டும். கிரானி ஸ்மித் என்ற பச்சை ஆப்பிள் ஏற்றது. மசியலுக்கோ, மக்கின்டாஷ் போலச் சூடு பட்டதும் குழைந்து போகும் பழம்தான் நல்லது. நிமிர்ந்து நிற்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு. கரைந்து போவதற்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதை அந்த அடுப்பங்கரை அறிந்திருக்கிறது.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். மசியலுக்கு யாரும் கடையில் அலங்காரமாக அடுக்கிவைத்த பழத்தை வாங்குவதில்லை. அமெரிக்க அரசாங்கம் ஆப்பிளுக்குத் தரம் வகுத்திருக்கிறது. உச்சியில் இருப்பதற்கு 'எக்ஸ்ட்ரா ஃபான்ஸி' என்று பெயர். நிறம், வடிவம், மேலே உள்ள காயம், வடு இவற்றைப் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். உயர்ந்த படிகளில் தேறாதவற்றில் பெரும்பகுதி சாறு பிழியவும் மசியல் செய்யவும் போகிறது. காற்றில் விழுந்தது, கூடையில் நசுங்கியது, முகத்தில் வடுவுள்ளது - சந்தை இவற்றின் விலையைக் குறைத்துவிடுகிறது. அடுப்பங்கரை இவற்றைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறது.

இது இரக்கத்தின் கதை என்று இத்தோடு முடித்துவிடலாம். ஆனால் கத்தியைக் கையில் எடுத்துக் கூடைக்கு முன்னால் உட்காருகிற பெண்மணிக்கு அது அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. ஒவ்வொரு பழத்தையும் எடுத்துத் திருப்பிப் பார்த்து, அவள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இது அடிபட்டதா, அழுகியதா?

இரண்டுக்கும் நிறம் பழுப்புதான். இயல்புதான் வேறு. ஆப்பிள் கீழே விழும்போது அந்த இடத்தில் அதன் நுண்ணறைகள் உடைகின்றன. உள்ளே தனித்தனியாக இருந்த பொருள்கள் ஒன்று கலந்து காற்றோடு சேர்கின்றன. அதனால் அந்த இடம் பழுக்கிறது. நறுக்கிவைத்த ஆப்பிள் துண்டு சற்று நேரத்தில் நிறம் மாறுவதும் இதே காரணத்தால்தான். கன்றிய இடத்தில் இருப்பதும் அந்தப் பழமேதான். அதன் சாறுதான், அதன் சதைதான். வலியின் அடையாளம் அது, வேறொன்றும் இல்லை.

அழுகல் அப்படி அல்ல. அங்கே வேறோர் உயிர் குடியேறியிருக்கிறது. பெனிஸிலியம் எக்ஸ்பான்ஸம் என்ற நீலப் பூசணம் ஆப்பிளுக்குப் பெரிய எதிரி. அது பழத்தைத் தின்று வளர்வதோடு பாட்டுலின் என்ற நஞ்சையும் சுரக்கிறது. இந்த நஞ்சு கண்ணுக்குத் தெரியும் அழுகலைத் தாண்டியும் ஓரளவு பரவி நிற்கும். சாதாரணமாகக் கொதிக்கவைப்பதால் இது அழிந்துவிடுவதும் இல்லை. ஐரோப்பிய நாடுகளின் சட்டப்படி ஒரு கிலோ ஆப்பிள் சாற்றில் இது 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, மசியலில் 25, பச்சிளங்குழந்தைகளுக்கான உணவில் 10. ஆகவே கன்றிய இடத்தைச் சீவிவிட்டு மிச்சத்தைப் பானையில் போடலாம். பூசணம் கண்ட பழத்தை முழுவதுமாக ஒதுக்கிவிடுவதே உத்தமம்.

இங்கே ஒரு சோதனை இருக்கிறது பாருங்கள். வில்லை நறுக்கிப் பாகு செய்கிறவள் எதையும் ஒளிக்க முடியாது. ஒவ்வொரு வில்லையும் தட்டில் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். மசியல் அப்படி இல்லை. எல்லாம் ஒன்றாகக் குழைந்த பிறகு எந்தப் பழம் எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை, இன்னும் ஒரு சிட்டிகை பட்டைப் பொடி போட்டால் வாசனை கூட மறைந்துவிடும். ஆனால் நஞ்சு மறையாது. சாப்பிடப் போகிறது குழந்தை. சாட்சி, கத்தி பிடித்த கை ஒன்றுதான். தர்மம் என்பது பெரும்பாலும் இப்படி யாரும் பார்க்காத இடத்தில்தான் காப்பாற்றப்படுகிறது, அல்லது கைவிடப்படுகிறது.

இந்தக் கேள்விக்குச் சமூகம் இரண்டு தவறான பதில்களை வைத்திருக்கிறது. இரண்டுக்கும் ஆப்பிளையே சாட்சிக்கு இழுத்திருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. ஓர் அழுகல் பழம் கூடை முழுவதையும் கெடுக்கும் என்பது ஆங்கிலேயரின் பழைய வாக்கு. அது உண்மைதான். பழுத்த பழமும் காயம்பட்ட பழமும் எத்திலீன் என்ற வாயுவை வெளியிட்டு அருகில் இருப்பவற்றையும் விரைந்து கனியச் செய்கின்றன. பூசணமும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுகிறது. ஆனால் இந்த வாக்கைக் கையில் வைத்துக்கொண்டு, கன்றிய பழத்தையெல்லாம் வெளியே எறிகிறவர்கள் உண்டு.

1400-இல் காலமான ஆங்கிலக் கவி சாஸர் எழுதிய காண்டர்பரி கதைகளில் சமையற்காரன் சொல்லும் கதை ஒன்று வருகிறது. லண்டன் கடை ஒன்றில் தொழில் பழகும் வாலிபன் ஒருவன். ஆட்டம், பாட்டம், சூதாட்டம் எல்லாம் உண்டு. கல்லாப்பெட்டியிலும் கை வைக்கிறான். எஜமானர் அழுகல் பழம் பற்றிய பழமொழியை நினைத்துக்கொண்டு அவனை வெளியே அனுப்பிவிடுகிறார். கடை தப்பித்தது. பையன் நேரே போய் முன்னிலும் மோசமான கூட்டாளியோடு சேருகிறான். கதை அங்கேயே அரைகுறையாக நின்றுபோகிறது. அவன் அடிபட்டவனா, அழுகியவனா? எஜமானர் திருப்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர் செய்தது தவறு என்று தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. பணப்பெட்டியைக் காப்பதும் அவர் கடமைதான். ஆனால் பழமொழி ஒன்று கையில் இருந்தால் பார்வை வேண்டியதில்லை என்று நினைப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மற்றொரு தவறு இதற்கு நேர் எதிரானது. ஒரு நிறுவனத்திலோ காவல்துறையிலோ அக்கிரமம் வெளிப்பட்டால், 'ஏதோ சில அழுகல் பழங்கள்' என்று சொல்லி மேலிடத்தார் கையைத் துடைத்துக்கொள்வது இன்றைய அமெரிக்காவில் வழக்கமாகிவிட்டது. ஒன்று அழுகினால் கூடையே கெடும் என்று எச்சரித்த வாக்கு, ஒன்றிரண்டு அழுகினால் என்ன, கூடை நன்றாகத்தானே இருக்கிறது என்று சமாதானம் சொல்ல வந்துவிட்டது! முன்னவர்கள் காயத்தை அழுகல் என்கிறார்கள். பின்னவர்கள் அழுகலை வெறும் வடு என்கிறார்கள். முன்னதில் இரக்கம் செத்தது. பின்னதில் நியாயம் செத்தது.

இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. நீலப் பூசணம் பெரும்பாலும் முழுத்தோல் உள்ள பழத்துக்குள் நுழைவதில்லை. காயத்தின் வழியாகத்தான் உள்ளே போகிறது. விழுந்த பழத்தை அன்றே பொறுக்கி அன்றே சமைத்தால் அது உணவு. நாலு நாள் புல்தரையில் கிடக்கவிட்டால் அதே காயம் வாசலாகிவிடுகிறது. அழுகிய பழங்களில் எத்தனையோ பழங்கள் முதலில் வெறுமனே அடிபட்ட பழங்களாகத்தான் இருந்திருக்கும். யாரும் குனிந்து எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் மசியலுக்கென்றே பெயர்போன பிராம்லி ஆப்பிளின் தாய்மரத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. 1809-இல் நாட்டிங்ஹாம்ஷயரிலுள்ள சௌத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி ஊன்றிய விதை அது. பின்னால் அந்த வீட்டை வாங்கிய பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர், 1856-இல் நாற்றுப் பண்ணைக்காரர் ஒருவர் ஒட்டுக்குக் கிளை கேட்டபோது, பழத்துக்குத் தம் பெயரையே வைக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். 1900-இல் புயலில் மரம் சாய்ந்தது. ஆயினும் சாவில்லை, விழுந்த இடத்திலேயே கிளை வேர்விட்டு, மறுபடியும் மரமாகி, இருநூறு வயதைத் தாண்டியும் காய்த்தது. புயல் கொல்லாத அந்த மரத்துக்கு இந்த நூற்றாண்டில் வேரில் பூஞ்சை பற்றி, இனிப் பிழைக்காது என்று சொல்லும்படி ஆயிற்று. வெளியே இருந்து வந்த அடியை அது தாங்கிக்கொண்டது. உள்ளே புகுந்து வளர்ந்ததைத்தான் அதனால் தாங்க முடியவில்லை.

கதை எழுதுகிறவனுக்கு இந்த வேறுபாடு தொழில் சம்பந்தமானது. மனைவி இறந்த பிறகு குடிக்கத் தொடங்கிய குமாஸ்தாவை எழுதும்போதும், விதவைத் தங்கையின் நகையை விழுங்கிவிட்டு விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணனை எழுதும்போதும், பேனா ஒரே மாதிரி ஓடக் கூடாது. தெருவில் தள்ளாடுகிறவனைத்தான் ஊர் சுட்டிக்காட்டும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு எக்ஸ்ட்ரா ஃபான்ஸி என்று முத்திரை குத்தியிருக்கும். தோலைப் பார்த்துத் தரம் பிரிப்பதில் சந்தைக்கும் ஊருக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

'மனிதன் பழமா? அழுகிய பழம் திரும்பாது. மனிதன் திருந்துவானே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உவமை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு கெட்டவனுக்கும் திரும்பி வரும் வழியை நாம் அடைத்துவிடக் கூடாது. ஆனால் மன்னிப்பது வேறு, பானையில் போடுவது வேறு. ஒருவனை வெறுக்காமல் இருக்கலாம். அவன் பசிக்குச் சோறு போடலாம். அவன் திருந்துவதற்காகக் காத்திருக்கலாம். அதற்காக, பிறர் குழந்தைகளின் உணவை, பணத்தை, உயிரை அவன் கையில் ஒப்படைத்துவிட்டு, அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்துவிட முடியாது. அந்த இரக்கத்துக்கு விலை கொடுக்கப் போவது நாம் அல்ல. பானையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மற்றவர்கள்.

அடிபட்டவர்களிடம் அப்படி ஒரு பயமே வேண்டியதில்லை. அவர்களை விலக்கிவைப்பதால்தான் நஷ்டம். அவர்களுக்கும் நஷ்டம், நமக்கும் நஷ்டம். ஒருமுறை தேர்வில் தவறிய மாணவன், கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்த பெண், கடனில் மூழ்கிக் கடையை மூடியவர் - இவர்களுக்கெல்லாம் தேவை, கன்றிய இடத்தைத் தொட்டுப் பார்க்கும் அக்கறையுள்ள ஒரு கைதான். அந்தக் கையும் அன்றைக்கே வர வேண்டும்.

இதற்கு நேரம் பிடிக்கும் என்பது உண்மை. ஒரு கூடை ஆப்பிளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து நறுக்கி முடிப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். கூடையாகப் பார்ப்பது எளிது. பழமாகப் பார்ப்பது கஷ்டம். ஆனால் ஆசிரியராக, மேலதிகாரியாக, மாமியாராக, தகப்பனாக, பிறரைத் தரம் பிரிக்கும் உரிமையை எடுத்துக்கொண்டவர்கள் அந்தக் கஷ்டத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த முறை யாரையாவது கெட்டுப்போனவர் என்று சொல்ல வாயெடுக்கும்போது, அடிபட்டவரா அழுகியவரா என்று உங்களையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெரியவில்லை என்றால், இன்னும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.