காணாதது இல்லாததா?

மத்திய கைலாஷ் சந்திப்பைக் காலையில் ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டி கடக்கிறது என்று கேளுங்கள், சொல்லிவிடுவேன். குடைக்கு அடியில் உட்கார்ந்து பையன்கள் கால் மணிக்கொரு தடவை எண்ணி எழுதிய தாள் என் மேஜையில் இருக்கிறது. பைக், ஆட்டோ, ஷேர் ஆட்டோ, கார், பஸ், லாரி என்று கட்டம் கட்டமாகப் போகும். மீன்பாடி வண்டிக்குத் தனிக் கட்டம் கிடையாது, அது ‘மற்றவை’யில் சேரும். ஆனால் அந்த வண்டிகள் எங்கிருந்து கிளம்பி எங்கே போகின்றன என்று கேட்டால் தாளில் பதில் இல்லை. சாலையில் தெரிவது விளைவு மட்டும்தான்.

விளைவைப் பிடித்துக்கொண்டு காரணத்துக்குப் போவதுதான் என் பிழைப்பு. நகரத்தை 500 மண்டலமாகப் பிரித்தால், எந்த மண்டலத்திலிருந்து எந்த மண்டலத்துக்கு எத்தனை பயணம் என்று 2,50,000 கட்டங்கள் கொண்ட அட்டவணை வேண்டும். நாங்கள் அதை ஓ.டி. மேட்ரிக்ஸ் என்போம். வண்டி எண்ணிய சாலைகள் 300 தேறினாலே அதிகம். முந்நூறு சமன்பாடு, இரண்டரை லட்சம் தெரியாத எண்கள்! பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தவருக்கே புரியும், இதற்கு விடை ஒன்றல்ல, எண்ணி மாளாது. அத்தனை விடைகளும் அந்த 300 சாலைகளில் ஒரே எண்ணிக்கையைத்தான் காட்டும். அவற்றில் ஒன்றை எடுத்து, கணினிக்குள் ஒரு சென்னையை ஓடவிட்டு, வெளியே ஓடுகிற சென்னையோடு ஒத்துப்போகும்வரை திருகுகிறோம். இதற்குப் பெயர் காலிபரேஷன்.

திருக இடம் நிறைய உண்டு. முன்னால் போகிற வண்டியைப் பார்த்து ஓட்டுநர் எப்போது வேகத்தைக் குறைப்பார் என்பதற்கு வீடெமன் என்ற ஜெர்மானியர் 1974இல் கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு மாதிரி வகுத்தார். இன்றும் அதை வைத்துத்தான் பலர் பைக்குகள் சந்துபொந்தில் நுழையும் நம் ஊரையும் ஓட்டுகிறார்கள். திரையில் வண்டிகள் அளவுக்கு மீறித் தேங்கினால் ஓட்டுநர்களின் இடைவெளியைக் குறைக்கலாம், அல்லது பயணங்களையே குறைக்கலாம். இரண்டிலும் எண்ணிக்கை பொருந்தும். முதலாவதில் சென்னைக்காரர் முரட்டு ஓட்டுநர், இரண்டாவதில் சிலர் அன்றைக்கு வீட்டை விட்டே கிளம்பவில்லை.

பொருத்தத்தைச் சோதிக்க ஜி.இ.எச். என்று ஒரு சூத்திரம் உண்டு. 1970களில் லண்டனில் ஜெஃப்ரி இ. ஹேவர்ஸ் வகுத்தது, அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் அதன் பெயர். 1,000 வண்டி போன இடத்தில் மாடல் 1,150 காட்டினால் மதிப்பு சுமார் 4.6. ஐந்துக்குக் கீழே இருந்தால் தேர்ச்சி, 85 சதவீத இடங்களில் தேறினால் அறிக்கை எழுதலாம். அதற்கப்புறம் மேம்பாலம், சாலை அகலப்படுத்தல், யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் குறி.

மயிலாப்பூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நடத்தும் வாசிப்பு வகுப்புக்குப் போகிறேன். மணிமேகலையில் சமயக் கணக்கர் காதை ஓடிக்கொண்டிருந்தது. வஞ்சி நகரில் அளவைவாதி கருதல் அளவையை, அதாவது ஊகித்து அறியும் வழியை, மூன்றாகப் பிரிக்கிறார்: பொது, எச்சம், முதல். சூல்கொண்ட மேகத்தைப் பார்த்து மழை பெய்யும் என்பது முதல். ஆற்றில் வெள்ளத்தைப் பார்த்து மேலே மழை பெய்திருக்கிறது என்பது எச்சம். நான் சம்பளம் வாங்குவது இந்த எச்சத்துக்குத்தான் என்றேன். ஆசிரியர் விடவில்லை. “ஏம்மா, வெள்ளம்னா மழைதானா? எவனாவது அணையை அடைச்சோ திறந்தோ விட்டிருந்தா?” 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் இதை வெறும் தர்க்கக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது.

நியாய சூத்திரத்திலேயே இந்த ஆட்சேபம் இருக்கிறது. ஆறு பெருகியது எங்கோ தடுக்கப்பட்டதாலும் இருக்கலாம். மழைக்கு அறிகுறி என்று எறும்பு முட்டை சுமப்பதைச் சொன்னால், புற்றை யாரோ சிதைத்ததால் அது கிளம்பியிருக்கலாம். சாலையில் இது அப்பட்டமாகத் தெரியும். மணிக்கு 900 வண்டி கடந்தது என்று தாள் சொல்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில், கிலோமீட்டருக்கு 18 வண்டி என்று தாராளமாகப் போனாலும் 900தான். 10 கிலோமீட்டர் வேகத்தில், கிலோமீட்டருக்கு 90 வண்டி என்று முட்டிமோதி ஊர்ந்தாலும் 900தான். ஒரு சாலைக்கு இப்படி இரண்டு நிலை உண்டு என்பது கிரீன்ஷீல்ட்ஸ் 1935இல் போட்ட வரைபடத்திலிருந்தே தெரிந்த விஷயம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் காலிச் சாலையும் நெரிசலும் ஒன்று.

ஆட்சேபத்துக்கு நியாய சூத்திரத்தின் உரைகாரர் வாத்ஸ்யாயனர் தரும் விடை எனக்குப் பிடிக்கும். மழை வெள்ளம் சும்மா உயர்ந்த நீர் அல்ல. அதில் வேகம் இருக்கும், நுரை இருக்கும், இலையும் காயும் கட்டையும் அடித்துக்கொண்டு வரும். வெள்ளம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதே, எப்படிப்பட்ட வெள்ளம் என்று பார் என்கிறார். நாங்களும் சிக்னலில் வரிசை எவ்வளவு நீள்கிறது, பஸ்ஸின் ஜிபிஎஸ்படி பயண நேரம் எவ்வளவு என்றெல்லாம் சேர்த்துப் பார்க்கிறோம். எண்ணிக்கை பொருந்தி வரிசை பொருந்தாத மாடலைக் குப்பையில் போடலாம். ஆக, உழைத்தால் இந்த ஆபத்தைச் சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாதது அதே காதையின் அளவைப் பட்டியலில் வேறோரிடத்தில் இருக்கிறது: அபாவம். இல்லை என்பதை எப்படி அறிகிறோம்? பாட்ட மீமாம்சகரும் அத்வைதிகளும் இங்கே ஒரு நிபந்தனை வைத்தார்கள். இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலையில் படாவிட்டால்தான் ‘இல்லை’ என்பது அறிவு. இருட்டறையில் குடத்தைக் காணோம் என்பதால் குடம் இல்லை என்று ஆகாது.

எங்கள் மேட்ரிக்ஸை வெறுங்கையோடு தொடங்குவதில்லை. வான் சுயிலனும் வில்லும்சனும் 1980இல் தந்த முறை, சாலை எண்ணிக்கைக்கு மேல் எதையும் அதிகப்படியாக ஊகிக்காதே என்கிறது. அடக்கமான கொள்கைதான். ஆனால் அது பழைய அட்டவணை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பெருக்கிப் பெருக்கித் திருத்துகிறது. பூச்சியத்தை எதால் பெருக்கினாலும் பூச்சியம். பழைய அட்டவணையோ நூற்றுக்கு ஒரு வீடு என்ற கணக்கில் கேட்டு எடுத்தது. இரண்டு மண்டலங்களுக்கு நடுவே தினம் 40 பயணம் நடந்தாலும், அப்படிப்பட்ட மாதிரியில் ஒன்றுகூடச் சிக்காமல் போக மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. இருட்டறை இதுதான். எல்லாக் கட்டத்திலும் ஒன்று என்று போட்டுத் தொடங்கினால் பூச்சியத் தொல்லை இல்லை. ஆனால் திருவொற்றியூர்க்காரர் பக்கத்துத் தெருவுக்கும் தாம்பரத்துக்கும் சரிசமமாகப் போய்க்கொண்டிருப்பார்.

ஊர் நடுவிலிருந்து 2000க்குப் பிறகு துரைப்பாக்கம் கண்ணகி நகருக்குக் குடியமர்த்தப்பட்டவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். (வஞ்சிக்குப் போன மணிமேகலை முதலில் வணங்கியது கண்ணகியைத்தான்.) வீட்டு வேலைக்காக அங்கிருந்து நகரத்துக்குள் வரும் பெண்கள் பழைய அட்டவணையில் பூச்சியமாக இருந்தால், பழைய மகாபலிபுரம் சாலையில் எத்தனை முறை வண்டி எண்ணினாலும் அவர்கள் முளைக்கமாட்டார்கள். ஐ.டி. கம்பெனிக் கார்களைக் கொஞ்சம் ஊதினால் எண்ணிக்கை பொருந்திவிடும், ஜி.இ.எச். தேறிவிடும். 80 பேர் நிற்கும் பஸ்ஸும் தாளில் ஒரு கோடுதான்.

என்னோடு வேலை செய்யும் இளைஞன் அந்தக் கட்டங்களில் சின்னதாக ஓர் எண்ணை விதைக்கலாம் என்றான். எந்த அளவையை வைத்து என்று கேட்டேன். “மேடம், விடிகாலையில அங்கேயிருந்து நிக்க இடமில்லாம பஸ் கிளம்புது. பூச்சியம்னா உள்ள இருக்கறது யாரு?” பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான், அப்படியானால் இரவில் உண்கிறான் என்பார்களே, அந்த அருத்தாபத்தி. அந்தப் பையன் மணிமேகலையைத் தொட்டதில்லை. ஒத்துக்கொண்டேன். ஆனால் எத்தனை பேர் என்பதை அருத்தாபத்தி சொல்லாது.

2021இலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் காசில்லை, ஆனாலும் சீட்டு கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டுக் கணக்கைக் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறோம். அது வந்தாலும் ஏறியவர் எந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் போனார் என்பது கிடைக்காது. காலை பஸ்ஸில் தானே ஏறி ஆள் ஆளாகக் கேட்டு வருகிறேன் என்கிறான் பையன். இந்த வேலைக்குத் திட்டச் செலவில் தலைப்பு இல்லை. சில்லறைச் செலவில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.