விளக்கொளியும் வாடகைக் காரும்

ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டிலிருந்து கொலோன் நகருக்கு, மணிக்கு 300 கிலோமீட்டர் வரை விரையும் இரயிலில் சென்றபோது ஹிம்சையைப் பற்றிய எண்ணமே எனக்கு எழவில்லை. அங்கிருந்து ஐஃபெல் மலைப்பகுதி வழியே டிரியர் நகருக்கு வாடகைக் காரில் சென்றோம், மகன் ஓட்டினான். கோடைக்கால இரவு. இறங்கிப் பார்த்தால், முன்கண்ணாடி முழுதும் மாய்ந்த பூச்சிகள்! இரயிலின் முகப்பை நான் பார்த்ததில்லை, அவ்வளவே.

விளக்கொளியை நாடிவரும் சிற்றுயிர்கள் மாயும் என்றன்றோ நாம் இரவுணவை விலக்கினோம்? அன்றும் கதிர் மறையுமுன் உண்டு முடித்த மனநிறைவோடுதான் காரில் ஏறினேன். அசட்டையால் உயிரைப் போக்குதலே ஹிம்சை என வரையறுக்கிறது தத்துவார்த்த சூத்திரம். அறியாமல் நேர்ந்தது அசட்டையாகுமா என்று வாதிக்கலாம். கண்ணாடியைக் கண்டபின் அவ்வாதத்திற்கு இடமில்லை. திரும்பும் பயணத்தைப் பகலுக்கு மாற்றச் சொன்னேன். ஒருநாள் வாடகை கூடியது. பகலிலும் கண்ணாடி முற்றும் தூய்மையாக இருக்கவில்லை.