பார்வைக்கும் எல்லை உண்டு

ஓய்வு மனிதனின் உரிமை. ஆண்டெல்லாம் உழைத்தவர் நான்கு நாள் கடலோரத்தில் கழிக்க ஆசைப்படுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாம் ஓய்வு தேடிப் போகும் கரை வேறு உயிர்களுக்கு வீடு. அவை அங்கேதான் உண்கின்றன, உறங்குகின்றன, குட்டிகளை வளர்க்கின்றன. பிறர் வீட்டுக்குப் போகிறவருக்கு உரிய ஒழுக்கம் அங்கும் நமக்கு வேண்டும்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள சான் ஹுவான் தீவுகளை எடுத்துக்கொள்வோம். சியாட்டில் பகுதியில் குடியேறிய நம்மவர்களுக்கும் எட்டும் தூரம்தான். கரையில் மரக்குடில், ஏறிக்கொள்ளக் கயாக் படகு, பாறைகளில் கடல்நாய்கள், மேலே வெண்தலைக் கழுகுகள், அதிர்ஷ்டம் இருந்தால் ஓர்கா எனும் கொலைத்திமிங்கிலங்கள். மனம் இளைப்பாற இதைவிட நல்ல இடம் அரிது.

அந்த இடத்துக்கும் தாங்கும் அளவு ஒன்று உண்டு. ஒலிம்பிக் மலைத்தொடர் மழை மேகங்களை மறித்துவிடுவதால் தீவுகளில் மழை குறைவு. கரையோரக் கிணறுகளில் அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உட்புகுந்துவிடும். குடிலில் நாம் திறந்துவிடும் குழாய்நீர் அந்த ஊராரின் கோடைக்காலத் தண்ணீர்.

கயாக்குக்கு எஞ்சின் இல்லை, புகை இல்லை, சத்தமும் இல்லை. அதனால் அது யாருக்கும் தீங்கு செய்யாது என்று நம்புகிறோம். உண்மை வேறு. ஓசையின்றித் தாழ்வாக நெருங்கி வரும் உருவம் கடல்நாயைத் திடுக்கிட வைக்கிறது. உடல் சூடேற, களைப்புத் தீரப் பாறையில் கிடக்கும் கூட்டம் அஞ்சித் தண்ணீரில் குதிக்கும். கோடை அவை ஈனும் பருவம். தாய் இரை தேடப் போகும்போது குட்டியைக் கரையில் விட்டுச் செல்வது வழக்கம். அதை அநாதை என்று நினைத்து நாம் அருகே நின்றால், தாய் திரும்பி வரத் தயங்கும். தூங்கும் குழந்தை இருக்கும் வீட்டில் எப்படி அடியெடுத்து வைப்போமோ, அந்தக் கவனம் இங்கே தேவை. வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்ட பாறைகளிலிருந்து 200 கஜம் விலகிச் செல்லுமாறு சொல்வது இதற்காகத்தான்.

ஓர்காக்களின் கதை இன்னும் கனமானது. இந்தக் கடலுக்கே உரிய தென்பகுதி ஓர்காக்கள் இன்று எண்பதுக்கும் குறைவு. ஆணும் பெண்ணும் ஆயுள் முழுக்கத் தாயை விட்டுப் பிரியாத உயிர்கள் அவை. 1960களிலும் 70களிலும் அவற்றின் குட்டிகளை வலைவீசிப் பிடித்துக் காட்சித் தொட்டிகளுக்கு விற்றார்கள். 1970இல் பிடிபட்ட டோக்கிட்டே என்ற ஓர்கா, மயாமியின் தொட்டி ஒன்றில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 2023இல் இறந்தது. 2018இல் ஒரு தாய், இறந்துபோன தன் குட்டியை 17 நாள்கள் சுமந்து நீந்தியது.

இன்று அவற்றை யாரும் பிடிப்பதில்லை. ஆனால் அவற்றின் இரையான சினூக் சால்மன் மீன் குறைந்துவிட்டது. கடலில் கலந்த நஞ்சும் படகுகளின் இரைச்சலும் அவற்றை வாட்டுகின்றன. ஒலி எழுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியால் மீனைக் கண்டுபிடிக்கும் விலங்குக்கு, இரைச்சல் என்பது பசி. படகுகள் அருகே வந்தால் பெண் ஓர்காக்கள் இரை தேடுவதையே விட்டுவிடுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 2025 முதல் இந்த ஓர்காக்களிடமிருந்து 1,000 கஜம், அதாவது ஏறக்குறைய 900 மீட்டர், விலகியிருக்க வேண்டும் என்பது வாஷிங்டன் மாநிலச் சட்டம். துடுப்புப் படகுக்கும் அதில் விலக்கு இல்லை.

அன்று தொட்டிக்காகக் குட்டியைப் பிடித்தவரும், இன்று ஒரு படத்துக்காக நெருங்கிப் போகிறவரும் செய்வது ஒரே அளவு கொடுமை என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றே. கண்டது போதாது, கைக்குள் வர வேண்டும் என்ற ஆசை அது. பாறையில் கடல்நாயைப் பார்த்த கண், அடுத்த நொடியே அதன் முகத்தைப் பக்கத்தில் கேட்கிறது. அந்த ஆசையோடு போகிறவருக்குக் கடற்கரையிலும் ஓய்வு கிடைக்காது. அலுவலகத்தின் அவசரத்தைத்தான் தண்ணீருக்குள் கொண்டுபோகிறார்.

சான் ஹுவான் தீவின் மேற்குக் கரையில் லைம் கில்ன் முனைப் பூங்கா இருக்கிறது. அங்கே பாறையில் உட்கார்ந்தபடியே ஓர்காக்களைப் பார்க்கலாம். வரலாம், வராமலும் போகலாம். வராத நாளில் கடலை மட்டும் பார்த்துவிட்டு மனநிறைவோடு எழத் தெரிந்தவரே உண்மையில் இளைப்பாறியவர்.

எந்தக் கரைக்குப் போனாலும் மூன்றைக் கடைப்பிடியுங்கள். தொலைநோக்கி ஒன்றை உடன் எடுத்துச் செல்லுங்கள். ஓர்கா கண்ணில் பட்டால் குறுக்கே போகாமல் கரையோரம் ஒதுங்கித் துடுப்பை நிறுத்துங்கள். ஒரு விலங்கு தலைதூக்கி உங்களைப் பார்க்கிறதென்றால், நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், மெல்லப் பின்வாங்குங்கள். பிற உயிரின் அமைதியைக் கெடுக்காமல் பெறும் ஓய்வே அறத்தோடு கூடிய ஓய்வு. உங்கள் பிள்ளைகளுக்கு நீச்சலும் துடுப்பும் கற்றுத் தரும்போது, இந்த விலகி நிற்றலையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்.