14 நாள்

தேயிலைத் தோட்ட லயத்தில் ஒரே கூரை. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே ஒரு சுவர். பீலித் தண்ணீரோ, மரக்கறிப் பாத்தியின் எல்லையோ, சண்டைக்கு அது போதும். கவ்வாத்துக் கத்தியும் வீட்டிலேயே இருக்கிறது. யார் மேலும் படாமல், "வெட்டிப்போடுவேன்" என்று ஓங்கினாலே இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 486ஆம் பிரிவின்படி வழக்கு வரலாம். கொலை மிரட்டல் என்றால் 7 ஆண்டு வரை சிறை.

"தண்டனை கிடைத்தாலும் அப்பீல் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. நீதவான் தீர்ப்புக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம், 14 நாளுக்குள். ஆனால் அங்கே பெரும்பாலும் சாட்சிகளை மறுபடி கூப்பிட மாட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் எழுதிய பதிவைத்தான் வாசிப்பார்கள். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் அந்தப் பதிவு பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். அயல்வீட்டார் இருவரும் ஏசிக்கொண்டதோ தமிழில். கோபத்தில் வந்த வசவுக்கும் உண்மையான கொலை மிரட்டலுக்கும் உள்ள தூரம் மொழிபெயர்ப்பில் காணாமல் போனால், அப்பீலிலும் அதை மீட்பது கடினம். என் பெரிய கவலை இதுதான். உரைபெயர்ப்பாளரைக் கேட்பது சலுகை அல்ல, அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தரும் உரிமை.

வாய்ச்சண்டையாக இருக்கும்போதே மத்தியஸ்த சபைக்குப் போங்கள்; 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் அதற்காகவே வந்தது. வழக்காகிவிட்டால், விளங்காத வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால், தீர்ப்பு வந்த அன்றே சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள்.